பதினொரு பெயரில் எதை அடிப்பது?

மேடைப் பக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். கோவில்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. பி.ஏ. தமிழ் கடைசி வருடம் படிக்கிறேன். கல்லூரி நாடகக் குழுவில் மூன்று வருடமாக இருக்கிறேன். நாலு மேடை நாடகம், இரண்டு வீதி நாடகம் செய்திருக்கிறோம். ஒன்றில் கிழவி வேஷம், நல்ல கைதட்டல். மேற்படிப்பு நாடகம்தான் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். "எங்க வேணும்னாலும் போ, ஆனா ஒரு தடவைதான் செலவு பண்ண முடியும்" என்றார். கையில் பதினைந்தாயிரம் ரூபாய் இருக்கிறது. விண்ணப்பம், பயணம் எல்லாம் அதற்குள். என் பட்டியல் இது: டெல்லி தேசிய நாடகப் பள்ளி, அதன் பெங்களூரு மையம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், திருச்சூர் நாடகப் பள்ளி, கர்நாடகத்தின் நீநாசம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகம், புனே திரைப்படக் கல்லூரி, சிங்கப்பூர், லண்டன். தமிழ் நன்றாக வரும். ஆங்கிலம் படித்தால் புரியும், பேச வாய் தடுக்கும். மலையாளம் சினிமா பார்த்துப் புரியும். இந்தி சுத்தமாகத் தெரியாது. எதை அடித்தாலும் மனசு கேட்கவில்லை. நீங்களே அடித்துக் கொடுங்கள்.
இறுதியாண்டு மாணவி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சரி, பேனாவை எடுத்துவிட்டேன். முதலில் வலிக்காதவற்றை அடிக்கிறேன்.

லண்டன். அங்கே ஓராண்டு நடிப்பு முதுகலைக்கு வெளிநாட்டு மாணவர் கட்டும் கட்டணம் மட்டுமே இருபது லட்சம் ரூபாயைத் தாண்டும். வாடகையும் சாப்பாடும் தனி. முழு உதவித்தொகை கிடைத்த பிறகு பேசலாம். அடுத்தது புனே. 1960இல் தொடங்கிய பெரிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நடிப்பு என்றால் கேமராவுக்கான நடிப்பு. நீங்கள் கடிதம் முழுக்க மேடையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், சினிமா என்ற சொல் மலையாளம் புரிந்த கதையில் மட்டும்தான் வருகிறது. அப்புறம் புனே ஏன் பட்டியலில் இருக்கிறது? யாரோ அத்தையோ மாமாவோ "அங்க படிச்சவங்கதான் பெரிய ஆளா வந்தாங்க" என்று சொல்லியிருப்பார்கள். அடித்தாயிற்று.

மீதி ஒன்பது. இதற்கு என் கதையைச் சொல்லாமல் முடியாது.

1995இல் நானும் இப்படித்தான் ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர் எழுதி வைத்திருந்தேன். அப்போது ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பேங்கில் வரிசையில் நின்று டிடி எடுக்க வேண்டும். அம்மாவின் தோடு ஒரு ஜோடி அடகுக் கடைக்குப் போனது. வடக்கே ஒரு நாடகப் பள்ளியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இந்தியில் மத்யமா பரீட்சை வரை எழுதியிருந்ததால் எனக்கு ஒரு தைரியம். இரண்டு நிமிட வசனத்தை டியூஷன் டீச்சரிடம் எழுதி வாங்கி, ரயிலில் போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். எதிர் சீட்டுப் பாட்டி எனக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

வசனத்தைச் சரியாகத்தான் சொன்னேன். பிறகு தேர்வுக் குழுவில் ஒருவர், "உன் தம்பி உன் புத்தகத்தைக் கிழித்துவிட்டான். அவனைத் திட்டு" என்றார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. மத்யமா பாடத்தில் தம்பியைத் திட்டச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு வினாடி நின்றுவிட்டுத் தமிழில் ஆரம்பித்தேன், எங்கள் ராஜபாளையம் தமிழில். நாலு பேரும் சிரித்தார்கள், மரியாதையாகத்தான். எனக்கு இடம் கிடைக்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. மூன்று வருடம் அந்த மொழியில் திட்டி, கெஞ்சி, பொய் சொல்லிப் பழக வேண்டியவள், முதல் நாளே ஊமையாக நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

அதனால் உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒன்று எழுதுங்கள்: அங்கே எந்த மொழியில் திட்டச் சொல்வார்கள்? புத்தகப் பாடம் எந்த மொழியில் என்பது இரண்டாம் பட்சம். அதைப் படித்துச் சமாளிக்கலாம். ஒத்திகையில் இயக்குநர் "இன்னொரு மாதிரி சொல்லு" என்றால் அந்த வினாடியில் வாயில் என்ன வரும் என்பதுதான் கேள்வி.

இந்தக் கணக்கில் சண்டிகர் போய்விடுகிறது. 1972இல் பல்வந்த் கார்கி தொடங்கிய துறை அது, பெருமையான இடம். ஆனால் இந்தியும் பஞ்சாபியும் இல்லாமல் அங்கே நீங்கள் கடைசி வரிசையில் நிற்கும் கூட்டமாகத்தான் இருப்பீர்கள்.

நீநாசத்தை அடிக்கும்போது எனக்கே கை நடுங்கியது. சிவமொக்கா மாவட்டத்தில் சாகர் பக்கம் ஹெக்கோடு என்று பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன கிராமம். அங்கே கே.வி. சுப்பண்ணா 1949இல் ஆரம்பித்த அமைப்பு. 1980இல் நாடகப் பயிற்சிப் பள்ளி வந்தது, 1985இலிருந்து அவர்களுடைய 'திருகாட்ட' குழு வருடா வருடம் கர்நாடகம் முழுக்க ஊர் ஊராக நாடகம் போடுகிறது. சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்தது. ஒரு கிராமத்தில் நாடகம் எப்படி வாழ முடியும் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே எல்லாமே கன்னடம். கன்னடம் தெரியாமல் அந்தப் பத்து மாதத்தை வீணடிக்காதீர்கள். என்றாவது ஒரு நாடகம் பார்க்கப் போய்வாருங்கள்.

திருச்சூர்ப் பள்ளி 1977இல் ஜி. சங்கரப்பிள்ளை முன்னின்று தொடங்கியது, கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே பெயர் பெற்றது பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் இளங்கலை நாடகப் படிப்பு. நீங்கள் ஏற்கெனவே ஒரு இளங்கலை முடிக்கிறீர்கள். இன்னொரு முறை முதலிலிருந்து ஆரம்பிக்க அப்பாவின் சைக்கிள் கடை தாங்காது. படத்தில் மலையாளம் புரிவதும் மேடையில் மலையாளம் பேசுவதும் வேறு. ஒன்று மட்டும் செய்யுங்கள்: திருச்சூரில் கேரள சங்கீத நாடக அகாதமி நடத்துகிற சர்வதேச நாடக விழாவுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். நாலு நாளில் பார்க்கிற நாடகங்கள் ஒரு வருடப் பாடத்துக்குச் சமம்.

தஞ்சாவூர். இதை மொழிக்காக அடிக்க முடியாது, வேறு காரணம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்துத் திரும்பிய சே. ராமானுஜம் போன்றவர்கள் வேலை செய்த நாடகத் துறை அங்கே இருந்தது. நாடகத்தைப் பற்றி ஆராயவும் எழுதவும் ஆசை வரும்போது தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பக்கம் போங்கள். இப்போது உங்களுக்கு வேண்டியது உடம்புக்கும் குரலுக்கும் பயிற்சி.

இனி டெல்லி. பட்டியலில் முதலாவதாக எழுதியிருக்கிறீர்கள், கொஞ்சம் அழுத்தியும் எழுதியிருக்கிறீர்கள். பேனா மை அடுத்த பக்கம் வரை ஊறியிருக்கிறது. அதை நான் அடிக்கவில்லை, தள்ளி வைக்கிறேன். 1959இல் தொடங்கிய பள்ளி, மூன்று வருடம், மத்திய அரசு நடத்துவது, தேர்வானவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. நாடு முழுவதற்கும் சேர்த்து எடுப்பது ஒரு சின்ன வகுப்பு அளவுக்குத்தான். ஒரு பட்டம் வேண்டும், நாடகங்களில் நடித்த அனுபவத்துக்கு ஆதாரம் வேண்டும், இந்தியிலும் ஆங்கிலத்திலும் பழக்கம் வேண்டும். முக்கியமானது, வயது முப்பது வரை விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு இருபத்தொன்றோ இருபத்திரண்டோ இருக்கும். எட்டு வருடம் கையில் இருக்கிறது! கல்லூரி முடிந்த கையோடு டெல்லிக்கு எழுதி, கிடைக்காமல், "நமக்கு நாடகம் வராது" என்று ஸ்கூல் வேலைக்குப் போனவர்கள் எனக்கு மூன்று பேர் தெரியும். மூன்று பேரும் என்னைவிட நன்றாக நடிப்பார்கள். இப்போதிருந்தே இந்தி பேசிப் பழகுங்கள். நடித்த ஒவ்வொரு நாடகத்தின் நோட்டீசையும் போட்டோவையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அந்தக் கிழவி வேஷத்துக்கும் சேர்த்து. இரண்டு மூன்று வருடம் கழித்து எழுதலாம்.

சிங்கப்பூரும் அப்படியே. குவோ பாவ் குன், டி. சசிதரன் இருவரும் 2000இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கூடியாட்டம், ஜப்பானிய நோ, பீஜிங் ஆப்பரா, ஜாவாவின் வாயாங் வோங் என்று நாலு மரபுகளை ஒரே கூரையின் கீழ் கற்றுத்தருகிற இடம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் வாய் தடுக்கிற பெண், இப்போதே அந்த ஊர் வாடகைக்குப் போக வேண்டாம். ஒரு பயிற்சி முடித்துவிட்டு, உதவித்தொகை கேட்டுப் போங்கள்.

ஆக இந்த வருடத்துக்கு மூன்று: புதுச்சேரி, ஹைதராபாத், பெங்களூரு.

நான் புதுச்சேரியில் படித்தவள். அதனால் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். அந்த நாடகப் பள்ளி முதலில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில்தான் இருந்தது. சுவாமிகள் உங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். 1922இல் இறந்தது புதுச்சேரியில். பள்ளியின் முதல் இயக்குநர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். ஆனால் என் காலத்தில் ஒத்திகையில் புழங்கிய மொழி தமிழ். அங்கேயும் ஒரு நாள் திட்டச் சொன்னார்கள், இந்த முறை மாமியாரை. நான் நிறுத்தவே இல்லை, அவர்கள்தான் போதும் என்றார்கள்.

புதுச்சேரிக்கு இன்னொரு லாபம், சுற்றியிருப்பவை. ஆரோவில் பக்கத்தில் வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி இருக்கிறது. 2014இல் அவர் போன பிறகும் அவருடைய சீடர்கள் மூச்சையும் தாளத்தையும் வைத்துப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறார்கள். பங்குனி, சித்திரையில் விழுப்புரம், செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோவில் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்து. இரண்டாம் வருடம் முழுக்க நான் ராத்திரி கூத்து பார்த்துவிட்டுப் பகலில் வகுப்பில் தூங்கினேன். எதில் அதிகம் கற்றேன் என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

ஹைதராபாத்தில் சரோஜினி நாயுடு பெயரிலான கலைப் பள்ளிக்குள் நாடகத் துறை இருக்கிறது. ஆங்கிலம் ஓட வேண்டும், அதுதான் பயம். ஆனாலும் அதை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கடந்த சில வருடங்களாக மத்தியப் பல்கலைக்கழக முதுகலைகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அதில் நாடகம், நடனம் சேர்ந்த நிகழ்கலைத் தாள் தனியாக உண்டு. ஒரு பரீட்சை எழுதினால் புதுச்சேரி, ஹைதராபாத் இரண்டு கதவையும் தட்டலாம். பதிவு வழக்கமாக டிசம்பர், ஜனவரி வாக்கில் ஆரம்பித்துவிடும், பரீட்சை மார்ச்சில். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் வண்டி போய்விடும். பரீட்சைக்கு மேல் நடிப்புத் தேர்வு உண்டா, எந்தத் தேதி என்று இரண்டு இணையதளத்திலும் வாரம் ஒரு தடவை பாருங்கள். என் காலத்தில் இரண்டு இடத்து நேர்முகமும் ஒரே நாளில் வந்து, டிடி கொடுத்த ஒரு இடத்துக்கு நான் போகவே இல்லை. தோட்டில் ஒரு காது அதற்குப் போனது.

பெங்களூரு மையம் ஓராண்டுப் பயிற்சி, தங்கிப் படிப்பது, தென் மாநிலத்துக்காரர்களை மனதில் வைத்து நடத்துவது. பட்டம் இல்லை என்று அப்பா யோசிப்பார். ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரு வருடம் உடம்பை நாடகத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தால், பிறகு டெல்லிக்கோ சிங்கப்பூருக்கோ எழுதும்போது உங்கள் ஃபைல் வேறு மாதிரி இருக்கும். செலவும் குறைவு. மூன்றில் எது கிடைத்தாலும் நல்லது. மூன்றும் கிடைத்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், அப்போது சண்டை போடலாம்.

பணம். பதினைந்தாயிரத்தில் மூவாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரே ஒரு இடத்தையாவது நேரில் பார்க்க அது. கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் விழுப்புரம். அங்கிருந்து பஸ்ஸில் புதுச்சேரி, பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழகம் இருக்கிற காலாப்பட்டு. மாணவர் நாடகம் இருக்கிற நாளாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். ஆபீஸில் விசாரிக்காதீர்கள், ஆபீஸில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். டீக்கடையில் இரண்டாம் வருடப் பிள்ளைகளைப் பிடித்துக் கேளுங்கள். போன வருடம் எத்தனை நாடகத்தில் நடித்தீர்கள்? ஒவ்வொருவருக்கும் பேசுகிற பாத்திரம் கிடைத்ததா? ராத்திரி ஒத்திகை முடிந்து பெண்கள் எப்படி ஹாஸ்டலுக்குத் திரும்புகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஒத்திகைக் கூடத்தின் தரையையும் பாருங்கள். நான் பார்க்கப்போன ஒரு இடத்தில், விவரப் புத்தகத்தில் பளபளவென்று போட்டிருந்த ஒளியமைப்புக் கூடம் நேரில் பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே உடைந்த நாற்காலி அடுக்கு. சாவி யாரிடம் என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று பேரைக் காட்டினார்கள். ஏழில் ஒன்றை அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் வைத்து அடித்தேன்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ, கணிதப் பிரிவு. நடிப்புதான் படிப்பேன் என்கிறான். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம். என்ன செய்வது அம்மா?
ஒரு தந்தை, சேலம்

பதில்: ஐயா, இன்ஜினியரிங்கும் வேண்டாம், நாடகப் பட்டமும் அவசரமில்லை. தேசிய நாடகப் பள்ளியே ஏதாவது ஒரு பட்டம் கேட்கிறது, அது என்ன பட்டம் என்று பார்ப்பதில்லை. அவனுக்குப் பிடித்த ஏதோ ஒரு மூன்று வருடப் படிப்பில் சேருங்கள். பாடத்தைவிட ஊரைப் பார்த்துச் சேருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு ஒத்திகைக்குப் போக ஒரு நல்ல குழு இருக்கிற ஊர் வேண்டும். சென்னையில் 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற குழுக்களில் வளர்ந்தவர்கள் பலர் நாடகத்தில் பட்டம் வாங்காதவர்கள். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று நீங்கள் படங்களில் பார்க்கிற முகங்கள் அங்கிருந்து வந்தவைதாம். மூன்று வருடம் ராத்திரி ஒத்திகைக்குப் போனபிறகும் அவனுக்கு ஆசை இருந்தால் அப்போது என்னிடம் பட்டியல் கேட்கட்டும். பிழைப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். மேடை நடிப்பு மட்டும் சோறு போடாது. பள்ளிகளில் நாடகம் சொல்லித் தருவது, ஒளி, ஒலி வேலை, டப்பிங் என்று கூட ஒன்று வேண்டும். எனக்கு இருபது வருடமாகப் பள்ளி வகுப்புகள்தான் வாடகை கட்டுகின்றன.

கேள்வி: தேர்வுக்கு எந்த வசனத்தைத் தயார் செய்யலாம்? பராசக்தி கோர்ட் வசனம் எனக்கு மனப்பாடம்.
ஆர்வமுள்ள வாசகர், திண்டுக்கல்

பதில்: தேர்வுக் குழுவுக்கும் அது மனப்பாடம், அதுதான் பிரச்சினை. நீங்கள் பேசும்போது அவர்கள் காதில் சிவாஜி ஓடுவார். அச்சில் வந்த ஒரு நாடகத்தை முழுதாகப் படியுங்கள். அதில் உங்கள் வயதுக்கு ஒட்டிய ஆளாக ஒருவனைப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அழுகிற இடத்தைத் தவிர்த்து, யாரிடமாவது எதையாவது கேட்டு வாங்க முயல்கிற இடமாக எடுங்கள். "இதற்கு முந்தைய காட்சியில் என்ன நடந்தது?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், முழு நாடகமும் படித்திருந்தால்தான் பதில் வரும். கூடவே ஒரு பாட்டு. சினிமாப் பாட்டானாலும் சரி, பாட்டி பாடிய தாலாட்டானாலும் சரி, சுருதிப் பெட்டி இல்லாமல் பாட முடிய வேண்டும். சட்டை இறுக்கமாக இல்லாமல் போட்டுக்கொண்டு போங்கள், தரையில் உருளச் சொல்வார்கள்.